கஞ்சி மட்டும் இறங்கிய மாதம்

மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மொட்டைமாடி அறைக்குக் குடிவந்த அன்று பாய்கூட விரிக்காமல் முதல் வேலையாகச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா நைனா, சாமி படமா?"

"இல்லீங்க, டிகிரி சர்டிபிகேட்டு."

"அதுக்குக் கண்ணாடி வேற போட்டுக்கினு வந்தியா?"

"எங்க வீட்லயே மொதல் டிகிரிங்க."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். "ரைட்ல கொஞ்சம் எறங்கிகீது பாரு. நேரா மாட்டு. வூட்ல மொதல் டிகிரின்னா கோணலா மாட்டுவியா?"

அன்றிலிருந்து நான் அவருக்கு 'டிகிரி'. காலையில் குழாயில் தண்ணீர் வந்தால், "ஏய் டிகிரி, எந்திரி, தண்ணி போய்க்கினு கீது" என்று கத்துவார். கணீரென்ற குரல். நாலு வீடு எழுந்துகொள்ளும்.

அவர் பெயர் அப்துல் வஹீத். ஆக்டிங் டிரைவர். சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு டிரைவர் வைத்துக்கொள்ளாதவர்கள் தேவைப்படும் நாளில் போன் செய்து கூப்பிடுவார்கள். போய் ஓட்டிவிட்டு வருவார். ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான் அந்த வேலையில் அதிகம். தி.நகர் பட்டுக்கடை வாசலில் அரை நாள், சபா வாசலில் ஒரு கச்சேரி நேரம், சாந்தோமில் பள்ளிக்கூடம் விடும்வரை. பின்சீட்டில் இருப்பவர்கள் அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இவர் பேசுவதெல்லாம் "வந்துட்டேன் சார்", "லெஃப்டா மேடம்", "சரி சார்", அவ்வளவுதான்.

மனைவி ஹாஜிரா பீ இறந்து சில வருடங்கள். ஒரே மகள் உம்மே ஹானி, கணவனோடு மஸ்கட்டில். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் துணிக்கொடிக்கு அடியில் நாற்காலி போட்டு மகளோடு வீடியோவில் பேசுவார். உருதுவில் பேசுவதால் எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் வாரம் முழுக்கப் பேசாததை எல்லாம் அப்போதுதான் பேசுகிறார் என்பது புரியும்.

காத்திருக்கும் நேரத்துக்கு சிகரெட்தான் துணை. முப்பது வருடப் பழக்கம். காரில் நாற்றம் வருகிறது என்று ஒரு வீட்டம்மா சொன்னதும் அதை விட்டுவிட்டு, பாக்கெட் புகையிலைக்கு மாறினார். தடை செய்த சரக்கு என்பதால் பெட்டிக்கடையில் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். "புகையே இல்ல டிகிரி, நெஞ்சு சுத்தமாய்டுச்சு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

போன வருடக் கடைசியில் அவர் குரல் கம்மத் தொடங்கியது. தண்ணீர் வந்தால் கத்துவதை நிறுத்திக் கதவைத் தட்டினார்.

"தொண்டைக்கு என்னாச்சுங்க பாய்?"

"ஏசி நைனா. நாள் பூரா மூஞ்சிக்கு நேரா அடிக்குது இல்ல."

மிளகுப் பால் குடித்தார். மாத்திரை சப்பினார். பொங்கல் வந்து போனது, குரல் வரவில்லை. வலது காதில் குத்துகிறது என்று பஞ்சு வைத்துக்கொண்டார். கார் ஜன்னல் காற்று என்றார். மருந்துக்கடையில் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

பிறகு ரம்ஜான் வந்தது.

நோன்பு மாதத்தில் மாலையானால் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வருவார். எனக்கும் ஒரு டம்ளர் உண்டு. முந்தின வருடம் வடையும் சமோசாவும் வைத்துக்கொண்டு இருவரும் போட்டி போட்டுத் தின்றோம். இந்த வருடம் வடைப் பொட்டலத்தை அப்படியே என் பக்கம் தள்ளினார். "எண்ணெ ஒத்துக்கல, நீ துன்னு." கஞ்சியையும் கலக்காமல் மேலாகத் தெளிவை மட்டும் ஊற்றி, ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக் குடித்தார்.

வேறு எந்த மாதமாக இருந்தாலும் யாராவது கேட்டிருப்பார்கள். நோன்பில் ஒருவர் சாப்பிடாமல் இருப்பதை யார் கேட்பார்கள்? சட்டை தோளில் தொங்கியது. பள்ளிவாசலில், "வஹீத் பாய் இந்த வருசம் உடம்ப நல்லா வருத்தறாரு, மூஞ்சில நோன்புக் களை தெரியுது" என்று பேசிக்கொண்டார்களாம். அதை அவரே வந்து என்னிடம் சொன்னார், கொஞ்சம் சந்தோஷமாக. அந்த மாதம் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. தொண்டையில் இறங்கிய ஒரே சாப்பாடு கஞ்சி. எல்லோரும் குடித்ததும் அதையேதான்.

நோன்பு முடியப்போகும் நேரத்தில் மஸ்கட்டிலிருந்து எனக்கு போன் வந்தது. எப்போதோ அவர் என் போனிலிருந்து பேசியபோது மகள் நம்பரைக் குறித்து வைத்திருந்திருக்கிறாள்.

"அண்ணா, அப்பாவுக்கு என்மேல கோவமா? பெருநாளைக்கு வரமுடியாதுன்னு சொன்னேன். அதுலேருந்து போனே எடுக்கறதில்ல. கேட்டா நெட் சரியில்லைன்னு மெசேஜ் போடறாரு."

அவரிடம் கேட்டேன். "கோவமா? அவ மேலயா?" என்றார் காற்றுக் குரலில். "இந்தக் குரல்ல பேசினா பயந்துடுவா நைனா. தொண்டை சரியாவட்டும்."

பெருநாளன்று அவர் வழக்கமாகக் கார் ஓட்டும் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. எனக்குத் தட்டு நிறைய வைத்துவிட்டு, அவர் இரண்டு வாய் எடுத்துக்கொண்டார். இரண்டாவது வாய் இறங்கவில்லை. இருமிக்கொண்டே குழாயடிக்கு ஓடினார். பின்னால் போய்ப் பார்த்தேன். துப்பியதில் ரத்தம்.

"எலும்பு," என்றார். "எலும்பு குத்திகினுச்சு."

எலும்பை எடுக்கத்தான் மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காது மூக்கு தொண்டைப் பிரிவில் டாக்டர் ஷீலா என்று ஓர் அம்மா. கழுத்தைத் தடவிப் பார்த்தவர் தாடைக்குக் கீழே ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"இந்தக் கட்டி எப்போலேருந்து?"

"நெறி கட்டிகினு கீதும்மா. காதுவலியால."

"காதுவலி ஒரு பக்கம் மட்டுமா?"

"ஆமாம்மா. ஜன்னல் காத்து."

"குரல்?"

"ஏசி."

"உடம்பு இப்படி இளைச்சிருக்கே?"

"நோன்பும்மா."

"எல்லாத்துக்கும் தனித்தனியா ஒரு காரணம் வச்சிருக்கீங்க பாய். எல்லாத்துக்கும் ஒரே காரணம் இருக்கலாம், அதைப் பார்க்கணும். சிகரெட் உண்டா?"

"அதெல்லாம் உட்டாச்சு. இப்ப பாக்கெட்டு மட்டுந்தான்."

"அதுவும் புகையிலைதானே? குடி?"

"ஹராம்மா!"

"நல்லது. ரெண்டும் சேர்ந்தா இன்னும் ஆபத்து."

மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். எலும்பு எதுவும் இல்லை. சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். தொண்டையில் புற்றுநோய், குரல்பெட்டியிலிருந்து கழுத்துக் கட்டிவரை வந்துவிட்டது. குரல்பெட்டியை எடுக்க வேண்டும், கழுத்தில் துளை வைத்து அது வழியாக மூச்சு விடவேண்டும், பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும்.

"பேசறது?" என்றார் இவர்.

"பழைய குரல் வராது பாய். கருவி வச்சுப் பேசப் பழகலாம். குரல் கம்மி மூணு வாரம் தாண்டினாலே வந்து காட்டணும். அப்பவே வந்திருந்தா பெரும்பாலும் கரண்ட் வச்சே சரிபண்ணிக் குரலையும் காப்பாத்தலாம். இப்பவும் உயிரைக் காப்பாத்த வழி இருக்கு. தள்ளிப்போடாதீங்க."

தள்ளிப்போட்டார். அறைக்குள்ளேயே படுத்துக் கிடந்தார். வேலைக்குக் கூப்பிட்ட போன்களையும் எடுக்கவில்லை. நான் ஆபீஸ் விட்டு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தால் பாதியைக் குடிப்பார்.

"ஆபரேஷன் வோணாம் டிகிரி. போறதா இருந்தா குரலோட போறேன். பொண்ணுகிட்ட பேசாத ஒரு உயிர் எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. "குரல் இருக்குதில்லீங்க இப்போ? எங்க பேசினீங்க? அந்தப் பொண்ணு நீங்க கோவமா இருக்கீங்கன்னு எனக்கு போன் பண்ணி அழுவுது."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வெளியே வந்து நின்றேன். வெகுநேரம் கழித்து உள்ளே அவர் மகளுக்கு போன் போட்டு, மணி போகும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஹலோ," என்றார்.

அந்தப் பக்கம் மகள் தமிழில் கேட்டாள். "யாருங்க பேசறது? இது எங்க அப்பா போனாச்சே. அப்பா எங்க?"

இவர் இருமினார். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு என்னாச்சு? சொல்லுங்க!"

"மைச் பேட்டி," என்றார். "மைச்."

நான்தான் மகளே. அந்த அளவு உருது எனக்கும் தெரியும். பிறகு அவள் அழுதாள். அவர் பேசினார், விட்டுவிட்டு, இருமி இருமி. ஒரு சொல்லும் புரியவில்லை. நான் மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேச்சு முடியவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் தட்டினார். சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். "வா டிகிரி, ஆஸ்பத்திரிக்கு. ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடணும். பண்ணிக்கறேன்னு அவளாண்ட சொல்லிட்டேன்."

உம்மே ஹானி விடுப்பு எடுத்து வந்து, அறுவை சிகிச்சை முடிந்து குழாயில் சாப்பாடு ஏற்றிய நாள்களெல்லாம் கூடவே இருந்தாள். மஸ்கட்டுக்கு வந்துவிடும்படி கெஞ்சினாள். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். அங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். நாள் முழுக்க ஒரு ஃப்ளாட்டுக்குள் தனியாக இருப்பதைவிட இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக்காட்டினார். விடுப்பு முடிந்து அவள் போனாள்.

வஹீத் பாய் அதே மொட்டைமாடி அறையில்தான் இருக்கிறார். கழுத்துத் துளையின்மேல் ஈரத்துணி கட்டியிருக்கிறார். ஆக்டிங் டிரைவர் வேலை போனில்தான் வரும் என்பதால் அது நின்றுபோனது. அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காலையில் கார் துடைக்கிறார். புகையிலையைத் தொடுவதில்லை. கடைசியாகப் பார்த்த பரிசோதனையில் நோய் திரும்பவில்லை. கருவி வைத்துப் பேசப் பழகுகிறார். இதுவரை வருவது சில சொற்கள்தான்.