மூன்று தடவை கீழே, ஒரு தடவை நடுவில்

பெரிய ஹோட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டுச் சுருக்கமில்லாமல் வாங்குகிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவரை எல்லோரும் ரோலர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவரிடம் ஒரு வீடியோ கேமரா உண்டு. புது ரகங்கள் வந்து இறங்கியதும் கடைக்காரன் ஓரங்கட்டி வைத்திருந்ததை வாங்கியது. பக்கவாட்டு மூடியைத் திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி டிஸ்க் உட்காரும். ஒரு டிஸ்க்குக்கு அரை மணி நேரம். ஓடும்போது கொசு காதருகே வந்த மாதிரி ஒரு இரைச்சல் வரும். அந்த இரைச்சலும் படத்தில் பதிவாகிவிடும். "இதுக்கு ஒரு மிக்ஸி வாங்கியிருக்கலாம். சத்தம் போட்டாலும் சட்னியாவது அரைக்கும்" என்பது அவர் மனைவியின் கருத்து.

ரோலருக்குப் படம் எடுக்க வராது. முகத்தில் ஆரம்பிப்பார், கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்து கேமரா இறங்கிவிடும். அவர் எடுத்ததில் யாரைப் பார்த்தாலும் கழுத்துக்குக் கீழேதான். சொந்தக்காரர்கள் படம் பார்க்கும்போது சட்டையை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள்.

கேமராவின் மெனு முழுக்க ஆங்கிலம். ரோலர் படித்தது ஐந்தாவது வரை. வாங்கிய அன்றே கடைக்காரன் சொல்லிக் கொடுத்தான்.

"அண்ணே, படிக்கவே வேணாம். எடுத்து முடிச்சதும் டிஸ்க்க மூடணும். மூடலேன்னா இந்தக் கேமராவுல மட்டும்தான் தெரியும், வீட்டு டிவிடி பிளேயர்ல ஓடாது. மெனுவ அமுக்குங்க. மூணு தடவ கீழ, ஒரு தடவ நடுவுல. நிஜமாவான்னு கேக்கும். இன்னொரு தடவ நடுவுல. அவ்வளவுதான்."

ஏழு வருஷம் அப்படியே அமுக்கினார். ஒரு டிஸ்க்கும் தப்பவில்லை. மூடுகிற வேலை ஐந்து நிமிஷம் பிடிக்கும். அதுவரை கேமராவை மேஜையில் வைத்து, யாரும் மேஜையைத் தொடாமல் காவல் காப்பார்.

அவருடைய அண்ணன் குழாய் வேலைக்காரர். ஊரில் பாதி வீட்டுத் தண்ணீர் அவர் கை பட்ட பைப்பில்தான் ஏறியது. போன வருஷம் ஒரு நாள் மூன்று டிஸ்க் அடங்கிய பாக்கெட்டோடு வந்தார்.

"டேய், இது அழிச்சு அழிச்சு எழுதலாமாம். நீ எடுக்கிற படத்துக்கு இதுதான் சரி."

வந்ததற்குக் காரணம் இருந்தது. அண்ணன் வீட்டு மோட்டார் அடிக்கடி காற்று ஏறித் தண்ணீர் எடுக்காமல் நின்றுவிடும். அவர் வேலைக்குப் போன நேரத்தில் அது மக்கர் பண்ணினால் அண்ணி போன் போடுவார். எங்கேயாவது பாத்ரூம் தரையில் மல்லாந்து கிடக்கிற அண்ணன் அங்கிருந்தே வழி சொல்லிக் கத்துவார். அதைப் படமாக எடுக்க ரோலரைக் கேமராவோடு தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

"எடுடா. உங்க அண்ணிக்கு நூறு தடவ சொல்லியாச்சு. நூத்தியோராவது தடவைய டிஸ்க்கு சொல்லட்டும்."

"எனக்குக் காது கேக்கும்" என்றார் அண்ணி, சமையலறையிலிருந்து.

"கேக்கும். உள்ள தங்காது."

பின்புறம் மோட்டார் முன்னால் அண்ணன் குந்தி உட்கார்ந்து இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். கடைசியில் என்னவோ சொல்லி, தானே சிரித்து, ரோலரும் சிரித்துக் கேமரா ஆடிவிட்டது. இன்னும் எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கிறதே என்று ரோலர் அந்த டிஸ்க்கை மூடவில்லை. அப்படியே டிராயரில் போட்டார்.

ஐந்து வாரத்துக்கு முன்னால், வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்தில், பைப் கட்டின் மேல் உட்கார்ந்து டீ வாங்கிய அண்ணன் அதைக் குடிக்கவில்லை. ரோலருக்குச் சாவுச் செய்தி வந்தபோது விரிப்பு ஒன்று பாதி உள்ளே போயிருந்தது. அது வெளியே வரும்வரை நின்று, மடித்து, அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவருக்குத் தெரியாது. அழுகையும் வரவில்லை. நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். விரிப்புகள் உள்ளே போயின, வெளியே வந்தன. ஒரு தடவை உருளையில் விரல் பட்டுக் கொப்புளம் வந்தது. பக்கத்தில் நின்ற பெண் காட்டிய பிறகுதான் பார்த்தார்.

வியாழக்கிழமை அண்ணி போன் செய்தார்.

"தம்பி, மோட்டார் நாலு நாளா தண்ணி எடுக்கல. பக்கத்து வீட்டுலேருந்து குடத்துல தூக்கறேன்."

"நம்ம ஆளு யாரையாவது அனுப்பட்டுமா அண்ணி?"

"அவர் போட்ட லைன்ல வேற கை வேணாம். அந்த டிஸ்க்க எடுத்துட்டு வா. ஞாயித்துக்கிழமை பொண்ணும் வர்றா. அப்பா குரலக் கேக்கணும்னு சொன்னா."

அண்ணன் குரல் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் அவர் யாருக்காவது பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, ரோலர் கை கழுவி, துடைத்து, டிஸ்க்கைக் கேமராவில் வைத்தார். அண்ணி வீட்டு பிளேயரில் ஓட வேண்டுமே. மெனு. மூன்று தடவை கீழே, ஒரு தடவை நடுவில். நிஜமாவா என்று கேட்டது. நடுவில் அமுக்கினார். ஒரே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அண்ணன் வாங்கியது நல்ல டிஸ்க்தான், வேகமாக மூடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் தன் வீட்டு பிளேயரில் போட்டார். டிஸ்க் சுற்றியது, நின்றது. திரை நீலமாகவே இருந்தது. திரும்பக் கேமராவில் போட்டார். ஓரத்தில் எப்போதும் மிச்ச நேரம் காட்டுகிற இடத்தில் எட்டு இல்லை. முப்பது இருந்தது.

அந்த முப்பதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டு வைத்தார். சாப்பிட்டார்.

சனிக்கிழமை கடைக்காரன் கேமராவை வாங்கி மெனுவைத் திறந்து பார்த்தான்.

"அண்ணே, இது அழிச்சு எழுதற டிஸ்க்கு. இதப் போட்டா மெனுவுல ஒரு வரி கூடுதலா வரும். சாதா டிஸ்க்குக்கு மூணாவது, மூடறது. இதுக்கு மூணாவது, மொத்தமா அழிக்கறது. மூடறது நாலாவதா தள்ளிப் போயிடும்."

"நீ சொல்லலையே."

"நீங்க இந்த டிஸ்க்கு வாங்கலையேண்ணே."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"என்கிட்ட முடியாது. வேற எவனாவது முடியும்னா நம்பாதீங்க." கடைக்காரன் டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சட்டையில் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தான். "முக்கியமானதா?"

"மோட்டார் ரிப்பேர்" என்றார் ரோலர்.

அன்று சாயங்காலம் மனைவி சொன்னார், "ஏங்க, கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்களேன். கெட்டதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அப்புறம் ரிப்பேர் ஆச்சான்னு கேப்பாங்க."

"ஆகலேன்னு சொல்லுங்க."

"எத்தன வருஷம் சொல்றது?"

ஞாயிறு காலை கேமரா பையோடு போனார். அண்ணன் மகள் பிளேயருக்கு வயர் மாட்டி, நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தாள். அண்ணி புடவை மாற்றியிருந்தார். ரோலர் செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"டிஸ்க்க அழிச்சிட்டேன் அண்ணி. மூடறதா நெனச்சு அழிச்சிட்டேன். ஒண்ணும் இல்ல அதுல."

மகள் வயரைக் கையில் வைத்தபடி நின்றாள். அண்ணி அவரையே பார்த்தார். திட்டுவார் என்று ரோலர் காத்திருந்தார். திட்டினால் தேவலாம் போல இருந்தது.

"அப்போ மோட்டார்?" என்றார் அண்ணி.

ரோலர் பின்புறம் போனார். மோட்டார் முன்னால் குந்தினார். அண்ணனுடைய ஸ்பேனர் அதே ஆணியில் தொங்கியது. எடுத்ததும் அண்ணனின் கைகள் ஞாபகம் வந்தன. முகம் இல்லை, கைகள் மட்டும். இருபத்திரண்டு நிமிஷமும் கேமரா இறங்கி அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் மேலே போகிற பைப்பின் வால்வை மூடின. தலையில் இருக்கிற மூடியைக் கழற்றின. சொம்பால் தண்ணீர் ஊற்றின.

"தண்ணி கொண்டாம்மா" என்றார். மகள் வாளியில் கொண்டுவந்தாள்.

ஊற்றினார். குமிழி வந்தது. அந்தக் கைகள் இந்த இடத்தில் ஸ்பேனரின் பின்பக்கத்தால் பைப்பை மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தன. தட்டினார், காத்திருந்தார். தண்ணீர் சற்று இறங்கியது. மறுபடி ஊற்றினார். குமிழி நின்றது. மூடியில் வெள்ளை டேப் சுற்றி, முறுக்கி, சுவிட்சைப் போடச் சொன்னார்.

மோட்டார் வெறுமனே இரைந்தது. வால்வில் கை வைத்துக் காத்திருந்தார். சத்தம் கனத்தது. வால்வைக் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று திறந்தார். மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சித்தப்பா, அப்பா இதெல்லாம் எப்படிச் சொன்னாரு? சொல்லிக் காட்டுங்க" என்றாள் மகள்.

படம் எடுக்கிறவனுக்குப் பேச்சு எங்கே காதில் விழுகிறது? பேட்டரி எவ்வளவு இருக்கிறது, மிச்சம் எத்தனை நிமிஷம் என்றுதான் ரோலர் அன்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை டிஸ்க் கேட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

"வால்வ மூடச் சொன்னாரு" என்றார். "தட்டச் சொன்னாரு."

"கடைசியில என்னவோ சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சீங்களே" என்றார் அண்ணி. "நான் அடுப்புக்கிட்ட இருந்தேன். சிரிப்பு மட்டும்தான் கேட்டுச்சு. என்னைப் பத்தித்தானே?"

"உங்களப் பத்தித்தான் அண்ணி."

"என்ன சொன்னாரு?"

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அண்ணன் பேசுகிற பேச்சு அவருக்குத் தெரியாததா? ஒன்றைக் கட்டிச் சொன்னால் அண்ணி நம்பியிருப்பார், மகளும் சிரித்திருப்பாள்.

"ஞாபகம் இல்ல அண்ணி" என்றார்.

அண்ணி தலையாட்டினார். அரை மணி கழித்து மாடியில் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் வந்தது. மகள் போய் சுவிட்சை அணைத்தாள். ரோலர் ஸ்பேனரைத் துடைத்து அதே ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.