தொட்டித் தண்ணீரில் இரண்டு நாள்

எங்கள் காபி எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருந்த லைன் வீடுகளில், குட்டையில் பிடித்த மீனை அன்றே குழம்பு வைக்க மாட்டார்கள். காபிச் செடியின் தண்டைத் துளைக்கும் பூச்சிக்கு மருந்து கலக்கிய ட்ரம்களை அந்தக் குட்டையில்தான் கழுவுவார்கள். அதனால் மீனை உயிரோடு கொண்டுவந்து ஊற்றுத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு நாள் விட்டுவைப்பார்கள். மீனில் மருந்து வாடை போனால் மருந்தும் போய்விட்டது என்பது எல்லோருடைய நம்பிக்கை.

எண்பதுகளில் நான் சேலத்தில் விலங்கியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். லைனில் அவ்வளவு தூரம் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. விடுமுறைக்கு எங்கள் ஊரான மஞ்சக்குட்டைக்கு வந்தபோது அண்ணி மாசமாக இருந்தார். தொட்டியிலிருந்து ஒரு ஜிலேபி மீனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஏங்கண்ணு, நீ படிச்ச புள்ள. இத நான் திங்கலாமா? வயித்துல புள்ள இருக்குது, நொம்ப பயமா இருக்குது.”

செவுளைத் தூக்கி மோந்து பார்த்தேன். மருந்து வாடை துளியும் இல்லை. “தாராளமா சாப்பிடுங்க அண்ணி” என்றேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

கல்லூரி திறந்ததும் எனக்கு வந்த ஆய்வு அதே மருந்தைப் பற்றியது. கண்ணாடித் தொட்டியில் மருந்து கலந்து மீன்களை விட்டோம். ஒரே நாளில் உடம்பில் ஏறிவிட்டது. பிறகு நல்ல தண்ணீருக்கு மாற்றினோம். இரண்டாம் நாளே வாடை போனது, மருந்து போகவில்லை. கொழுப்பில் உட்கார்ந்துகொண்டு, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. முட்டையிட்ட மீன்களில் மட்டும் சீக்கிரம் குறைந்திருந்தது. முட்டையோடு போயிருக்கும் என்றார் பேராசிரியர், சாதாரணமாக. எனக்கு மாசமாக இருந்த அண்ணி நினைவுக்கு வந்தார்.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன். அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வெளியில் தெரிய ஒரு குறையும் இல்லை. இருந்தும் விரல்களை இரண்டு தடவை எண்ணினேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீ சொன்ன தகிரியத்துலதான் வாரத்துக்கு ரெண்டு தடவ தின்னேன் கண்ணு” என்றார். பிறகு, “அப்ப என்ற ஒடம்புலயும் இருக்குமில்ல? அது எப்பிடிப் போவும்?”

“பால் வழியாவும் போகும் அண்ணி.”

குழந்தை பசிக்கு அழுதது. அண்ணி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மாராப்பை விலக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

“குடுக்கட்டுமா கண்ணு?”

“குடுங்க அண்ணி” என்றேன். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.