தன் ஓலைக்குத் தானே தடை சொன்ன பெண்

எங்கள் ஆலயத்தில் இன்றைக்கும் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று போதகர் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும், அதுதான் முறை. அறிவித்துவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா நிற்பார். அந்த நேரத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் கைப்பையில் மிட்டாய் தேடுவார்கள், பிள்ளையைக் கிள்ளுவார்கள், கைத்தொலைபேசியை எட்டிப் பார்ப்பார்கள். நான் மட்டும் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, யாராவது எழுகிறார்களா என்று பார்ப்பேன். எண்பதைத் தாண்டியவளுக்கு இன்னுமா என்று கேட்டால், ஆமாம், இன்னும்தான். ஓலைக்கு யாரும் எழுந்து தடை சொல்லமாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். எழுந்தவள் மணப்பெண்ணே. எழுந்தது என் அண்ணனுக்கு நிச்சயமான பெண்.

முதலில் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளைத் தெரியாமல் இந்தக் கதை விளங்காது. அப்பா ஜப்பான்காரன் காலத்தில் போய்விட்டார். சிங்கப்பூரில் ஜாலான் புசார் சாலையில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடித்து, அம்மா என்னையும் அண்ணனையும் ஆளாக்கினாள். சபையின் மாதர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவள் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் கீழே கடைக்காரச் சீனர் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார், அத்தனை சத்தம். எதற்கெடுத்தாலும் "கர்த்தர் பார்த்துக்குவார்" என்பாள். காயப்போட்ட துணி மழையில் நனைந்தாலும் கர்த்தர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், தேக்கா மார்க்கெட்டில் மீன் கிடைக்காவிட்டாலும் கர்த்தர்தான். ஆனால் மீன்காரனிடம் அவள் போடுகிற சண்டையைக் கர்த்தர் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று அண்ணன் என் காதில் சொல்லிச் சிரிப்பான்.

அண்ணியைத் தேடிப் பிடித்ததும் அம்மாதான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், பாடகர் குழுவில் நல்ல குரல், தலை நிமிராத பிள்ளை என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. அந்தப் பெண்ணின் தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தார். தாய் யுத்தத்தின்போது ஜொகூர் பக்கம் செத்துப்போனாள் என்று அவர் சொன்னார். சபை முழுவதும் அப்படித்தான் நம்பியிருந்தது. "தாயில்லாப் பிள்ளை, நான் தாயா இருந்து பார்த்துக்கிறேன்" என்று அம்மா வெற்றிலை மாற்றினாள். அப்போது அண்ணி தலையைக் குனிந்தபடி அழுதாள். வெட்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கொடுக்க சிராங்கூன் சாலைக் கடையிலிருந்து அம்மா லட்டு வாங்கித் தாம்பாளத்தில் அடுக்கி, வாசல் மேசையில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். போதகர் ஓலையை வாசித்தார், தடை உண்டா என்றார், கையிலிருந்த தாளை மடிக்கப் போனார். எனக்கு முன் பெஞ்சில் சேலை சரசரத்தது. அண்ணி எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"எங்க அம்மா சாகல. உயிரோட இருக்காங்க. குஷ்டரோகிகள் இல்லத்துல இருக்காங்க. இவங்க வீட்டுக்கு அது தெரியாது. தெரியாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். அம்மாடி! என் காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம். ஆண்கள் பக்கத்தில் அவளுடைய தகப்பனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அண்ணன் மரமாக இருந்தான். அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். தெரிந்து நகர்ந்தார்களோ, உடம்பு தானாக நகர்ந்ததோ, நான் அறியேன். போதகர் பாவம், திகைத்துப்போய், ஏற்கெனவே சொல்லி முடித்த விசுவாசப் பிரமாணத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டார். யாரும் திருத்தவில்லை. அன்றைக்குச் சபை முழுவதும் எழுந்து நின்று இரண்டாம் தரம் விசுவாசத்தை அறிக்கையிட்டது. அம்மாவின் உதடு மட்டும் அசையவில்லை. ஆராதனை முடிந்து லட்டை ஒருவரும் தொடவில்லை. தாம்பாளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஜாலான் புசார் வரை நடந்து வந்தோம்.

அந்தக் காலத்தைச் சொன்னால்தான் இதன் பயங்கரம் புரியும். அந்த வியாதி இருக்கிறது என்று தெரிந்தால் ஆளைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே வேலிக்குள் வைத்துவிடுவார்கள். அந்த வீட்டுக் கோப்பியை யாரும் குடிக்கமாட்டார்கள். பெண் எடுப்பது எங்கே? அதனால் வேலிக்குள் போனவர்களைச் செத்தவர்களாகச் சொல்லிவிடுவது வழக்கமாக இருந்தது. சொன்னவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தாள். "நம்மள ஏமாத்திட்டாங்களே! அந்த மனுசன் என் மூஞ்சியப் பார்த்து பொண்டாட்டி செத்துப்போனான்னு சொன்னாரே! இந்தக் கல்யாணம் நடக்காது." அண்ணன் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஏண்டா, வாயில என்ன கொழுக்கட்டையா? பேசேன்!" என்று அவன் மேல் பாய்ந்தாள். அவன் மெதுவாக, "அவ பொய் சொல்லலியேம்மா" என்றான். அம்மா முழங்காலில் விழுந்தாள். ஜெபம் வரவில்லை. அந்த வாரம் முழுக்கக் கர்த்தர் பார்த்துக்குவார் என்று ஒரு தடவைகூட அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

அண்ணியே வீட்டுக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்து வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். அம்மா உள்ளே வா என்று சொல்லவில்லை. "இத்தனை பேர் முன்னால எதுக்குடி சொன்னே? என்கிட்டத் தனியா வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அம்மாவின் கோபத்தில் பாதி அதுதான். மானம் போய்விட்டதே என்பது.

"தனியாச் சொன்னா நீங்களும் மறைக்கத்தான் செய்வீங்க, அத்தை. எங்கம்மா செத்தவங்களாவே இருப்பாங்க. முதல் ஞாயித்துக்கிழமையே எழுந்திரிக்கப் பார்த்தேன், காலு வரல. ரெண்டாவது வாரமும் வரல." தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "இயேசப்பா குஷ்டரோகியத் தொட்டது ஜனங்க நடுவுலதானே, அத்தை? நான் மட்டும் எங்கம்மாவ ஒளிச்சு வச்சுட்டுப் போய்ப் பாட்டுப் பாடவா? சொல்லிட்டேன். இனி அவர் பாடு."

தலை நிமிராத பிள்ளை! அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, "என்னை அங்கே கூட்டிட்டுப் போ. கண்ணால பார்க்காம நான் எதையும் முடிக்கிறதில்ல" என்றாள். முடிக்கத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பெற்றவளின் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரேயடியாக உறவை வெட்டிவிட்டு வருவாள். அம்மா அப்படிப்பட்டவள்.

பேருந்தில் வடக்கே போய், செம்மண் பாதையில் நடந்து, அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் அந்த இல்லத்தின் வாசலுக்குப் போனோம். பார்க்க வருகிறவர்களை ஒரு கொட்டகையில் மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கத்தில் ஓர் அம்மா வந்தார்கள். வெள்ளைச் சேலை, காலில் பெரிய செருப்பு, முந்தானைக்குள் சுற்றிய கைகள். வருகிற வழியிலேயே அண்ணியைப் பார்த்து முகம் மலர்ந்தது. பக்கத்தில் பட்டுச்சேலையில் என் அம்மாவைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி நின்றுபோனது. யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு பார்வையில் அவர்களுக்கு விளங்கிவிட்டது. தடுப்புக்கு எட்டவே நின்றுகொண்டார்கள்.

"என்ன டீச்சரம்மா, யாரோ புதுசாக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார்கள்.

அண்ணி, "அம்மா..." என்றாள்.

"யாரு அம்மா? இந்தப் பிள்ளை எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடும்" என்று அவர்கள் என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஜெபம் பண்ண வர்ற பிள்ளைங்க. தங்கமான பிள்ளை. இதோட அம்மா யுத்தத்துலயே செத்துப்போச்சு. எனக்குப் பிள்ளையே கிடையாது. யாராவது வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க. நல்ல இடமா வந்தா விடாதீங்க, கட்டி வையுங்க."

முகத்தை உரித்து வைத்தாற்போல அப்படியே அண்ணி! அதே மூக்கு, அதே நெற்றி, பேசும்போது ஒரு பக்கமாகச் சாய்கிற அதே தலை. பெற்ற மகள் எதிரில் நின்று அழுகிறாள். பெற்றவள் சிரித்தபடி தன்னைச் செத்தவள் என்கிறாள். பிறகுதான் அண்ணி எங்களிடம் சொன்னாள், அப்படி ஊருக்குச் சொல்லும்படி தகப்பனாரைக் கட்டாயப்படுத்தியதே அந்த அம்மாதான் என்று. மகளுக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டும், அதற்குத் தான் இல்லாமல் போக வேண்டும். ஆலயத்தில் அண்ணி எழுந்து நின்ற விஷயம் அவர்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மகளை அடித்தேயிருப்பார்கள் என்று அண்ணி சொல்லுவாள்.

வாய் நிறைய வார்த்தையோடு போன என் அம்மா ஒன்றையும் கேட்கவில்லை. நின்றாள், பார்த்தாள், தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கைகூப்பினாள், திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்: "தேதிய மாத்த வேண்டாம்னு போதகர் ஐயாகிட்டச் சொல்லு." அண்ணன் வாயைப் பிளந்தான். "என்னடா பார்க்கிற? அந்தப் பொம்பளை எதிர்ல நின்னப்போ, நான் இத்தனை வருஷம் கத்தின ஜெபமெல்லாம் வெறும் சத்தம்னு தெரிஞ்சுபோச்சு. போ, போய்ச் சொல்லு." இதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கல்யாணம் நடந்தது. சபையில் பாதிப் பேர் வரவில்லை. மாதர் சங்கத்துக்கு வேறு தலைவி வந்தாள். அதற்குப் பிறகு வெகுகாலம் எங்கள் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. அண்ணிக்குப் பல வருஷம் பிள்ளையில்லை. அதற்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. "பாவம்லா, ரத்தத்துல இருக்குமோ என்னமோ" என்று காதுபடவே பேசுவார்கள். அம்மா ஒருத்தியையும் சும்மா விட்டதில்லை. அண்ணி அதைக் காதில் வாங்கமாட்டாள். சனிக்கிழமை தவறாமல் வடக்கே போவாள், இப்போது ஒளிந்து போகவில்லை, அண்ணனோடு போனாள். அவர்களைப் பார்த்ததும் அந்த அம்மா உள்ளே போய்விடுவார்களாம். இரண்டு பேரும் வெறும் பெஞ்சின் முன்னால் கொண்டுபோன பலகாரத்தை வைத்துவிட்டுத் திரும்புவார்கள். மகள் அம்மா என்று கூப்பிடுவதை அந்த அம்மா ஒத்துக்கொள்ளவே வெகுநாளாயிற்று.

புதிய மாத்திரைகள் வந்து வியாதி குணமாகி, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர்கள் சொல்லி, அறுபதுகளில் அந்த அம்மாவை வெளியே விட்டார்கள். அண்ணனுக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்திருந்தது. அங்கே கூட்டி வந்தார்கள். அவர்கள் தமக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளை, கதவோரம் ஒரு பாய் என்று ஒதுங்கியே இருந்தார்கள். அண்ணி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருஷம் அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெற்ற மகளின் பிள்ளை தொட்டிலில் கிடந்து அழும். அவர்கள் எட்ட நின்று பாட்டுப் பாடுவார்கள், கிட்டே வரமாட்டார்கள்.

ஞானஸ்நானத்தன்று அவர்கள் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில், வாசலோரமாக, முந்தானைக்குள் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போதகர் பிள்ளையைக் கொண்டுவாருங்கள் என்றார். குழந்தை என் அம்மாவின் கையில் இருந்தது. முன்னால் போக வேண்டியவள் சட்டென்று திரும்பிப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். என்ன ஆயிற்று இவளுக்கு என்று சபையே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மா கடைசிப் பெஞ்சுக்குப் போய்க் குழந்தையை நீட்டினாள்.

"பிடிங்க சம்பந்தி."

"ஐயோ, வேண்டாம். என் கை சரியில்ல."

"என் முட்டியும்தான் சரியில்ல. எவ்வளவு நேரம் நிக்கிறது? பிடிங்க."

சொன்னவள் குழந்தையை அவர்கள் மடியில் வைத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். எடுத்தே விட்டாள்! குழந்தை சரிந்தது. வேறு வழியில்லை, முந்தானை அவிழ்ந்தது, விரல் மடங்கிய அந்தக் கைகள் வெளியே வந்தன, குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தன. வியாதியால் மரத்துப்போன அந்தக் கைகளுக்குச் சூடு தெரியாது, குளிர் தெரியாது. பேரனைப் பிடித்திருப்பதுகூட அவற்றுக்குத் தெரியாது. அவர்கள் மெல்லக் குனிந்து, குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள். வைத்த கன்னத்தை எடுக்கவே இல்லை. போதகர் ஞானஸ்நானத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவழியில் நடந்து, அந்தப் பெஞ்சுக்கே வந்தார்.