துரைமுனியைத் தேடி உடுப்பிட்டிக்கு

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, ஒரு பேயின் இருப்பிடத்தை விசாரிக்க நல்லூரிலிருந்து உடுப்பிட்டிக்குச் சயிக்கிளில் போய்வந்தேன். எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் கோயில் யாத்திரை எழுதுகிறவர்கள் உண்டு. இது பேய் யாத்திரை.

அந்தப் பேயை நான் அறிவேன். நானும் என் கூட்டாளி நஸாரும்தான் அதைப் பெற்றவர்கள். சோனகத் தெருவில் அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு நாவல் மரம். மற்றப் பொடியன்கள் பழம் பொறுக்க வராதிருக்க ஒரு காவல் தேவைப்பட்டது. என் பங்குக்கு முனியின் பனை உயரத்தையும் சுருட்டையும் கொடுத்தேன். நஸார் தன் பங்குக்கு ஜின்னின் ஆட்டுக் குளம்பைக் கொடுத்தான். மிச்சத்துக்குக் கோட்டையிலிருந்து ஒல்லாந்துத் துரையின் தொப்பி. பெயர் துரைமுனி. மூன்று இனமும் சேர்ந்து உடையாத ஒரே கூட்டணி! நாங்கள் அவிழ்த்துவிட்ட புளுகில் ஒருவனுக்குக் காய்ச்சலே வந்தது.

தொண்ணூறு ஐப்பசியில் ஒருநாள் காலை நஸார் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் நின்று கத்தினான்.

"மச்சான், முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லி இயக்கம் அறிவிச்சுப்போட்டுது. ரெண்டு மணித்தியாலந்தானாம். ஒருக்கா வெளியிலை வா!"

"பகிடி விடாதை. உந்தப் பேய்க்கதைக்கெல்லாம் நான் எழும்ப மாட்டன்" என்று பாயில் படுத்தபடி சொன்னேன்.

பிறகு சயிக்கிள் மணி இரண்டு தரம் கேட்டது. மத்தியானம் விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடிப் போனபோது சோனகத் தெரு முழுக்க வீடுகள் திறந்து கிடந்தன, ஆட்கள் இல்லை.

மூன்று வருடமாக அவன் எங்கே என்று தெரியாது. போன கிழமை ரியூசனில் உடுப்பிட்டிப் பொடியன் ஒருவன் துரைமுனிக் கதை சொன்னான். கொழும்புக்குப் போய்வருகிற தன் மாமா கொண்டுவந்த கதையாம். நஸார் சொல்லாமல் அது கொழும்புப் பக்கம் போயிருக்காது. கோபத்தோடு சொன்னானா, சிரிப்போடு சொன்னானா? எனக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது.

காலை 6.10க்குப் புறப்பட்டேன். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வரை தோட்டங்களுக்கு நடுவே சுகமான ஓட்டம். ஆவரங்காலில் பின் சில்லுக்கு ஒட்டுப் போட்டேன், பத்து ரூபா. தேத்தண்ணி மூன்று ரூபா. சீனி கடைக்காரரின் மனதில் மட்டும் இருந்தது. வல்லை வெளியில் வாடைக்காற்று முகத்தில் அடித்தது. மரமில்லை, வீடில்லை, காற்று மட்டும் ஆள் கூப்பிடுவதுபோல ஊளையிடும். அங்கே முனி பிறந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். முனியப்பர் கோயிலில் கற்பூரம் கொளுத்தினேன். எனக்குப் பயமில்லை, சயிக்கிளுக்குத்தான். சுமார் பதினாறு மைல், 8.45க்கு உடுப்பிட்டி.

பொடியனின் மாமா முற்றத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பேய்க்கதை கேக்கவோ நல்லூரிலையிருந்து சயிக்கிள் உழக்கினனீ? உனக்குத்தான் பேய் பிடிச்சிருக்கு!"

"ஓம் அண்ணை, அதுதான் பிடிச்ச பேயின்ரை விலாசம் கேட்டு வந்தனான்."

சிரித்துவிட்டுச் சொன்னார். "புத்தளத்திலை, அகதி முகாமுக்குப் பக்கத்திலை ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கை நிக்கிற யாழ்ப்பாணத்துப் பொடியன் சொன்னவன். நஸாரோ என்னவோ பேர். அந்தப் பேய் படலையடியிலை வந்து ஆளின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுமாம். உள்ளுக்கை இருக்கிறவன் 'பகிடி விடாதை' எண்டால், பேசாமல் திரும்பிப் போயிடுமாம்."

நாங்கள் கட்டிய கதையில் அது இல்லை.

"ஒண்டும் செய்யாதோ? அப்ப என்ன பயம்?"

"நானும் உதைத்தான் கேட்டனான். 'அதுதான் அண்ணை பயம், பிறகு அது வராது' எண்டான்."

"கோவமாச் சொன்னவனோ?"

"தேத்தண்ணி ஆத்திக்கொண்டு சொன்னவன். முகத்தை ஆர் பாத்தது?" ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை கிளாலியாலை வள்ளமேறி அந்தப் பக்கம் போறன். கடிதம் தந்தாக் குடுப்பன்."

ஆசிரியர்களின் கையெழுத்தைப் போலச் செய்து பக்கம் பக்கமாக எழுதக்கூடியவன் நான். அன்று முக்கால் மணித்தியாலத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'அண்டைக்கு நான் எழும்பி வந்திருக்க வேணும்.' கீழே என் முழுப்பெயர்.

"காதல் கடிதமோடா, உவ்வளவு நேரம்?"

"இல்லை அண்ணை. காதலெண்டால் கெதியா முடிஞ்சிருக்கும்."

கடிதம் கொண்டுபோகக் கூலி வாங்க மறுத்துவிட்டார். திரும்பும்போது காற்று முதுகில். இரண்டு மணித்தியாலமே போதும். ஆனாலும் வல்லையில் இறங்கிச் சயிக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். அந்த ஒரு வரிக்கு மேல் எழுதியிருக்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் வரிசையாக வந்தது.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறமுன் வல்லையைக் கடவுங்கள். ஒட்டுச் சாமான் கொண்டுபோங்கள். கடிதம் கொடுப்பதென்றால் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போங்கள். பேய்க்கதை கேட்டால் பேயை விடுங்கள். சொன்னவனின் முகம் எப்படி இருந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

அவர் திரும்பிவர மூன்று கிழமை ஆகுமாம். இரண்டாவது கிழமையே ஒருதரம் போய்ப் பார்க்கலாமென்று சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். தேங்காயெண்ணெய்தான், அம்மாவுக்குத் தெரியாது.