ஹார்பின் ஜன்னலில் கேட்ட குரல்

நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. நான் மட்டும் கேட்டிருந்தால் பிரமை என்று விட்டிருப்பேன். என் வீட்டுக்காரரும் கேட்டார். அவர் சீனர். பேய், சாமி எதையும் நம்பாத மனுஷன்.

என் பெயர் கபிதோலினா. ருஷ்யப் பெண்தான், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சீனாவின் வடகோடியில் உள்ள ஹார்பினில். அப்பா யெரெமேய் இங்கே ரயில் எஞ்சின் ஓட்டியவர். 1935இல் ருஷ்யா இந்த ரயில்வேயை ஜப்பான்காரர்களுக்கு விற்றபோது நிறைய ருஷ்யர்கள் தாய்நாட்டுக்குத் திரும்பினார்கள். என் அண்ணன் ரோடியோனும் போனான். பத்தொன்பது வயசு. எல்லையைத் தாண்டிய பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இருபது வருஷம் கழித்து அப்பாவும் கிளம்பினார். அக்கம்பக்கத்து ருஷ்யர்கள் எல்லாம் ஆஸ்திரேலியா, பிரேசில் என்று கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் ருஷ்யாவுக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

"அங்க போனாத்தாண்டி அவனைத் தேட முடியும்."

புறப்படுவதற்கு முந்தைய நாள். மார்ச் மாதம், இன்னும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பயணம் போகிறவருக்குக் கறிக் கொழுக்கட்டை போடுவது என் வீட்டுக்காரர் தேஃபா வீட்டு வழக்கம். ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார்.

"சாப்பிடுங்க மாமா. அங்க போய் இதுக்கு ஏங்கப் போறீங்க."

"உங்க கொழுக்கட்டைக்குப் பயந்துதான் மாப்ளே நான் நாட்டை விட்டே ஓடறேன்."

சிரித்தோம். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

மாலை ஐந்தரை மணி. கரண்ட் போனது.

டக்… டக்…

ஜன்னல்.

எங்கள் ஊரில் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. குளிர் தொடங்குமுன்பே இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்துவிடுவோம். வசந்தம் வரும்வரை திறக்க மாட்டோம்.

"யாரது?" என்றேன்.

டக்… டக்…

மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு கிட்டே போனேன். சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலிருந்து வந்தது. ஒரு பூனைகூட நுழைய முடியாத இடம் அது.

"எலியா இருக்கும்," என்றார் தேஃபா.

கண்ணாடியின் அந்தப் பக்கம் உறைபனி படிந்திருந்தது. அதில் ஒரு கை பதிந்தது. ஐந்து விரல்.

பனி உருகவில்லை.

"அப்பா…"

அண்ணன் குரல்!

இருபது வருஷத்துக்கு முந்தைய அதே குரல்.

"வாங்கப்பா… ஸ்டேஷன்ல நிக்கறேன்…"

தேஃபா கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. நான் வெளியே ஓடினேன். ஜன்னலடியில் புதுப்பனி. ஒரு காலடித் தடம் இல்லை.

திரும்பி வந்தேன். அப்பா கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில்.

"உசுரோட இருக்கான் கபா!"

"உசுரோட இருக்கறவன் இப்படியாப்பா வருவான்? போகாதீங்க!"

"என் புள்ளை கூப்பிடறான். போகாம இருக்கச் சொல்றியா?"

விடிய விடியக் கெஞ்சினேன். தேஃபா வாசலை மறித்து நின்றார். காலையில் அப்பா அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். பிறகு மெதுவாக விலக்கிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் அவரிடமிருந்தும் தகவல் இல்லை.

1992இல் ஃபெயோதோசியா என்ற கிழவி தன் பெற்றோர் கல்லறையைத் தேடி ஹார்பின் வந்தாள். கல்லறைத் தோட்டத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். அப்பா போன அதே ரயில் பெட்டியில் போனவள் அவள்.

"எங்கப்பா என்ன ஆனார்?"

"எல்லை ஸ்டேஷன்லயே எறங்கிட்டாரே. உங்கண்ணன்தான வந்து கூட்டிட்டுப் போனான்!"

"நீ பாத்தியா?"

"பக்கத்துலதான் நின்னேன். சின்னப் பையன், இருபது வயசுகூட இருக்காது. 'என் புள்ளை'ன்னு உங்கப்பாதான் சொன்னார். அப்பா கையைப் பிடிச்சுத் தண்டவாளத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போனான். அந்தப் பக்கம் வெறும் பனிக்காடு. ரயில் ஊதுச்சு… ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கல."



அவள் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான், அண்ணனைப் பற்றி நான் எழுதிக் கேட்டதற்கு ருஷ்யாவிலிருந்து பதில் வந்திருந்தது. என் அண்ணன் ரோடியோனை உளவாளி என்று சொல்லி 1938லேயே சுட்டுக் கொன்றுவிட்டார்களாம்.

எங்கே புதைத்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.