ஐந்தாவது வீட்டுக்குப் போன செய்தி

கொலைகாரனைத் துரத்துகிற போலீஸ்காரர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிணத்தைப் பார்த்துவிட்டு, அதே கையோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவரைப் பற்றி எவனும் எழுதுவதில்லை. எங்கள் தனிப்படையில் அந்த வேலை ஏட்டம்மாவுடையது. நான் ஜீப் டிரைவர். அவரைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடுவது என் பாடு.

ஏட்டம்மாவுக்குக் கனத்த உடம்பு, தீராத மூட்டுவலி. ஒவ்வொரு தடவை ஜீப்பில் ஏறும்போதும், "இந்த வண்டிய செஞ்சவனுக்கு முட்டியே கிடையாது போல" என்று திட்டுவார். வீட்டில் கணவர் மட்டும்தான். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தொப்பியைக் கழற்றி வைக்கிற தினுசிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். "அந்த ஆளு எதையும் கேக்காததாலதான் நான் இன்னும் இந்த வேலையில இருக்கேன்" என்று ஏட்டம்மா சொல்லியிருக்கிறார்.

மற்றவர்கள் என்றால், "உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று அழைத்துப் போய்ப் பிணவறை வாசலில் கைகழுவிவிடுவார்கள். ஏட்டம்மா அப்படிச் செய்யமாட்டார். முதலில் உட்காரச் சொல்வார். பிறகு, "உங்க பொண்ணு இறந்துட்டாங்கம்மா. யாரோ கொன்னுட்டாங்க." அவ்வளவுதான். ஒரு வீட்டில் அப்பா ஓங்கி அறைந்துவிட்டார். ஏட்டம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டே அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னா என்ன ஏட்டம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் வார்த்தையே பொய்யா இருந்தா, அப்புறம் நான் சொல்ற எதை நம்புவாங்க? அந்த நேரத்துல நம்புறதுக்கு ஒரு ஆளு வேணும்யா அவங்களுக்கு."

கால்வாய் ஓரச் சாலையில், வேலை முடிந்து தனியாகத் திரும்பிய நான்கு பெண்களை ஒருவன் கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தான். நான்கு கதவுகளையும் ஏட்டம்மாதான் தட்டினார். இரண்டு வருடமாக நாங்கள் தூக்கமில்லாமல் அலைந்தோம். ஊர் எங்களைக் காறித் துப்பியது. அப்போதுதான் அதே சாலையில் ஐந்தாவது பெண் கிடந்தாள்.

முதல் நால்வரின் செருப்புகளும் திசைக்கொன்றாகப் போயிருந்தன. இவள் காலில் மட்டும் இரண்டும் ஒழுங்காக இருந்தன. வார் சதையில் பதிகிற அளவுக்கு இறுக்கி மாட்டப்பட்டிருந்தன. இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு அங்கேயே சொன்னார்: "வீட்டுக்குள்ள வெறுங்காலோட இருந்தவளுக்கு, செத்தப்புறம் எவனோ மாட்டிவிட்டிருக்கான்." அந்த எவனோ யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளுடைய புருஷன் அன்று முழுக்கத் தன்னோடு கடையில்தான் இருந்தான் என்று அவனுடைய அண்ணன் அடித்துச் சத்தியம் செய்தார். அக்கம்பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. வழக்கு படுத்துவிட்டது.

அந்த வீட்டில் அவளுடைய அம்மாவும் இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறவர். மகளுக்குக் குழந்தை பிறந்ததும் உதவிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். சம்பவத்தன்று தைத்த உறைகளைக் கொடுக்கக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இப்போது மருமகனுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு, பேச்சு வராத வயதுப் பேத்தியை வளர்த்துக்கொண்டிருந்தார். ஏட்டம்மா அடிக்கடி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா கேட்பது ஒன்றுதான்: "கால்வாய்க்காரன்தானா?" ஏட்டம்மா, "இன்னும் யாரும் மாட்டலம்மா" என்பார்.

கடைசியில் கால்வாய்க்காரன் மாட்டினான். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற, சாதுவான முகம் கொண்ட ஆள். அவன் கையைக் கடித்துவிட்டுத் தப்பி ஓடி வந்த ஒரு பெண்ணால் பிடிபட்டான். விசாரணையில் எதைக் கேட்டாலும் தலையாட்டினான். எங்கள் ஜீப் பஞ்சரானதும் உன்னால்தானா என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆட்டியிருப்பான். ஐந்தாவதுக்கும் ஆட்டினான்.

இன்ஸ்பெக்டர் ஏட்டம்மாவை அழைத்தார். மனுஷன் கண்கள் உள்ளே போயிருந்தன.

"அஞ்சையும் அவன் மேலயே போட்டு முடிச்சிடலாம்னு மேல சொல்றாங்க. அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சார், நீங்களே செருப்பப் பாத்து..."

"பாத்தேன். கோர்ட்ல செருப்பா வந்து பேசும்? என்னால முடியல ஏட்டம்மா. தூங்கணும்."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தப் பொய்யை அந்த அம்மா நம்பிவிட்டால், மகளைக் கொன்றவன் கையில் பேத்தியையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவாரே. வேறு யார் சொன்னாலும் சந்தேகம் மிஞ்சும். ஏட்டம்மா சொன்னால் மிஞ்சாது. வழி நெடுக ஏட்டம்மா வண்டியைக்கூடத் திட்டவில்லை.

கதவைத் திறந்தவன் மருமகன்தான். செய்தியில் பார்த்திருப்பான் போலிருக்கிறது, முகமெல்லாம் மலர்ச்சி. "வாங்க மேடம், உட்காருங்க. ஒத்துக்கிட்டானாமே?" என்றான். அந்த அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். இடுப்பில் குழந்தை. நான் வாசற்படியில் நின்றேன்.

"கால்வாய்க்காரன்தானா, ஏட்டம்மா? நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்பிடறேன்."

ஏட்டம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. முட்டியைப் பிடித்தபடி நின்றே சொன்னார்.

"ஒத்துக்கிட்டான்மா. ஆனா உங்க பொண்ணக் கொன்னது அவன் இல்ல."

அந்த அம்மா மருமகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, "என் தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விடுறியா?" என்றார்.

"எங்க போறீங்க இப்ப? குழந்தைய விடுங்க! அது என் குழந்தை!" என்று அவன் பாய்ந்தான். அந்த அம்மாவை வெளியே விட்டுவிட்டு ஏட்டம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அந்த உடம்பைத் தாண்டி யாரும் போகமுடியாது.

"புகார் குடுக்கறதா இருந்தா ஸ்டேஷனுக்கு வாங்க. நானே எழுதிக்கறேன்."

ஜீப்பில் ஏற்றினோம். அவன் தெருவரைக்கும் ஓடிவந்து கத்தினான். எந்தத் தங்கச்சி வீடு என்று கேட்டான். எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டான். மேலதிகாரியிடம் சொல்லி எங்கள் வேலையைக் காலி செய்துவிடுவேன் என்றான். சொல்லட்டும். எனக்குப் பல நாள் கழித்து முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பயமும் இருந்தது. சாட்சி இல்லை, ஒன்றும் இல்லை, நாளைக்கே குழந்தையைக் கேட்டு அவன் கோர்ட்டுக்குப் போகலாம்.

தெருமுனையைத் திரும்பியதும் அந்த அம்மா முன்னால் குனிந்தார். குழந்தை தோளில் தூங்கிவிட்டிருந்தது.

"எங்க போறேன்னு கேட்டான். குழந்தைய விடுன்னு கத்தினான்," என்றார். "கால்வாய்க்காரன் இல்லைன்னா வேற யாருன்னு கேக்கவே இல்லையே, ஏட்டம்மா."

"ஆமாம்மா," என்றார் ஏட்டம்மா. "கேக்கல."