கண்ணாடிப் பெட்டியில் வைக்காத கடிதம்

அன்று அந்த அறையில் இருந்தது நான்கு பேர்: நூலகர் அம்மா, அட்டெண்டர், நான், என் அப்பா.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில், காலமான பேராசிரியர்களின் கடிதங்களைப் பாதுகாத்துக் கண்காட்சி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் குடியிருந்து மாற்றலாகிப் போன பேராசிரியருடைய காகிதங்களும் உண்டு என்று கேள்விப்பட்டு அப்பாதான் என்னைக் கூட்டிவந்தார். பஸ்ஸில்தான் எனக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றபோது, 'அப்பா என் புத்தகங்களை விற்றுக் குடித்துவிட்டார்' என்று அந்தப் பேராசிரியருக்கு எழுதியிருந்தேன். அப்பா குடியை விட்டுப் பல வருடமாகிறது. இப்போது ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

நூலகரிடம் அந்தக் கடிதத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னேன்.

"பயப்படாதீங்க. உயிரோட இருக்கவங்க எழுதுனத, அவங்களக் கேக்காம வெளிய வைக்க மாட்டோம். வேணும்னா வாங்கிட்டுப் போயிருங்க" என்று உள்ளே போய் ஓர் உறையை எடுத்துவந்தார். வெளியே போனதும் கிழித்துவிடலாம் என்று வாங்கிக்கொண்டேன்.

பின்னால் அப்பா நின்றிருந்தார். "நீ எழுதுனதா, ஆத்தா?"

"ஒண்ணுமில்லப்பா."

"புஸ்தகத்த வித்தத எழுதியிருப்ப. இங்கயே இருக்கட்டும். நீ என்ன பொய்யா சொன்ன?"

உறையை நூலகரிடமே திருப்பிக் கொடுத்தேன். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். புத்தகங்களை விற்றதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.